நுவரெலியாவுக்கு வராத கோச்சி

நானுஓயாவில் கோச்சியை விட்டு இறங்கும் வெளியூர்க்காரர்கள், பெட்டி படுக்கைகளை மேடையில் இறக்கி வைத்த கையோடு கேட்பது, "நுவரெலியாவுக்கு இன்னும் எத்தனை ஸ்டேஷன்?" என்பதுதான். ஒரு ஸ்டேஷனும் இல்லை, இனிமேல் பஸ் அல்லது முச்சக்கரவண்டிதான் என்று சொன்னால் சிலர் நம்புவதில்லை. மாவட்டத்தின் தலைநகரம், வெள்ளைக்காரத் தேசாதிபதிகள் வெயிலுக்கு ஒதுங்கிய ஊர், குதிரைப் பந்தயத் திடலும் கோல்ஃப் மைதானமும் உள்ள ஊர் என்று இத்தனை பெருமைகள் இருந்தும், கொழும்பிலிருந்து பதுளை வரை 292 கிலோமீற்றர் ஓடும் மலையகப் புகையிரதப் பாதை அந்த ஊரைத் தொடுவதில்லை. அதன் காலடியில், ஏறக்குறைய 900 அடி கீழே வந்து நின்று மூச்சு வாங்கிவிட்டு, அம்பேவளைப் பக்கமாகத் திரும்பிப் போய்விடுகிறது.

நான் கந்தப்பளைக்கு அருகே ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவன். இப்போது அதே பகுதியில் கணித ஆசிரியராக இருக்கிறேன். எழுத்தில் புகையிரதம் என்று எழுதினாலும் எங்கள் வாயில் அது எப்போதும் கோச்சிதான். குதிரை பூட்டிய கோச்சு வண்டியிலிருந்து வந்த சொல்லாக இருக்கவேண்டும். சிங்களத்திலும் கிட்டத்தட்ட இதே சொல்தான். கோச்சி ஏன் நுவரெலியாவுக்கு வரவில்லை என்று சிறுவயதில் அப்பாவிடம் கேட்டபோது, "ஏற மாட்டாம நின்னிருச்சு" என்று ஒரே வரியில் பதில் சொன்னார். அந்தப் பதில் பிழை என்று தெரிந்துகொள்ள எனக்குப் பல வருடங்கள் ஆயின. ஏற முடியாமல் நிற்கவில்லை, ஏறினால் இறங்க வழியில்லாமல் நின்றது என்பதுதான் நான் போட்டுப் பார்த்த கணக்கு சொல்லும் விடை.

விகிதம் படிப்பிக்கும் தவணையில் ஆண்டுதோறும் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதுவேன். நாவலப்பிட்டிக்கு மேலே பாதை ஏறும் மிகக் கடுமையான சரிவு 44க்கு 1, அதாவது 44 அடி முன்னே ஓடினால் 1 அடி மேலே ஏறலாம். சாலையில் நடப்பவருக்கு இது சரிவாகவே தெரியாது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொள்வது உராய்வினால் மட்டுமே என்பதால், மழையும் மூடுபனியும் தண்டவாளத்தை நனைத்துக்கொண்டே இருக்கும் எங்கள் ஊரில், பத்துப் பெட்டிகளை இழுக்கும் எஞ்சினுக்கு அதுவே பெரிய ஏற்றம். நானுஓயா நிலையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 5,300 அடி உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா நகரம் சுமார் 6,200 அடி. இடையிலுள்ள 900 அடியை 44ஆல் பெருக்கினால் 39,600 அடி, அதாவது ஏழரை மைல் தண்டவாளம். சாலை வழியே தூரம் ஐந்து மைல்தான். ஆகவே பாதை மலையைச் சுற்றி இன்னும் இரண்டரை மைல் வளைந்து வந்தால் ஊருக்குள் நுழைந்துவிடும்.

ஒரு முறை, கடைசி வாங்கிலிருந்த ஒரு மாணவி கேட்டாள்: "அவ்வளவுதானா சேர்? அப்ப போட்டிருக்கலாமே!"

போட்டிருக்கலாம் என்பதுதான் நியாயமான பதில். அந்தப் பாதை பின்னால் எங்கே ஏறியது என்று பாருங்கள். நானுஓயாவிலிருந்து அம்பேவளை வழியாகப் பட்டிப்பொலைக்குப் போகும்போது அது 6,226 அடியைத் தொடுகிறது. நுவரெலியாவின் உயரமும் ஏறக்குறைய அதேதான். எனவே உயரம் ஒரு தடையாக இருந்திருக்க முடியாது. தடை அடுத்த பக்கத்தில் இருந்தது. பாதை போட்டவர்களுக்கு நுவரெலியா போய்ச் சேரவேண்டிய இடமல்ல. மலைக்குக் கிழக்கேயுள்ள ஊவா மாகாணத்துக்குள் எப்படி இறங்குவது என்பதே அவர்கள் கவலை. நுவரெலியாவிலிருந்து ஊவாவுக்கு இயற்கை விட்டிருக்கும் வழி ஹக்கலை, வெலிமடை. பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும்: ஹக்கலை தாண்டியதும் காது அடைக்கும், வயிறு மேலே வரும், ஒரு மணித்தியாலத்துக்குள் ஸ்வெட்டரைக் கழற்றவேண்டி வரும். சில மைல்களுக்குள் இரண்டாயிரம் அடிக்கு மேல் இறங்கும் அந்தச் செங்குத்தில் 44க்கு 1 என்று கோடு போட்டால், அது மலைமுகத்தில் பதினாறு மைலுக்கு மேல் முன்னும் பின்னுமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். பட்டிப்பொலைப் பக்கமோ, உச்சியில் ஒரு சுரங்கத்தைக் குடைந்துவிட்டால் மலையின் மறுபுறம் ஒகியா, இதல்கஸ்ஹின்ன என்று விளிம்போடு ஒட்டிப் படிப்படியாகச் சரிந்து, சுமார் 4,700 அடியிலுள்ள அப்புத்தளையில் கொண்டுபோய் விடுகிறது. சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் மழை, அந்தப் பக்கம் வெயில் என்று பயணிகள் சொல்வது வேடிக்கைக்காக அல்ல. இரண்டு பருவக்காற்றுகளின் எல்லை அங்கேதான் இருக்கிறது.

இப்படி, தேசாதிபதிக்கு மாளிகை இருந்த ஊரைச் சரிவு தோற்கடித்தது. செல்வாக்கு மட்டுமே பாதையை வளைத்திருக்குமானால் இந்த நாட்டில் முதலில் வளைந்திருக்கவேண்டியது இங்கேதான். ஆனால் சரிவு மட்டும் தனியாக நின்று தீர்ப்புச் சொல்வதில்லை. அதன் பக்கத்தில் எப்போதும் சுமை என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது. எத்தனை சாக்கு, எத்தனை பெட்டி என்ற கணக்கு. மலையகத்தில் போட்ட பாதைகளுக்கும் போடாத பாதைகளுக்கும் அந்தக் கணக்கே தாய். இதைச் சொல்ல நான் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

இலங்கையின் முதல் மலைப்பாதையே முதலில் போடப்படாத பாதையாகத்தான் இருந்தது. கண்டியிலிருந்து கொழும்புத் துறைமுகத்துக்குக் கோப்பிச் சாக்குகளை மாட்டுவண்டிகள் இறக்கிக்கொண்டிருந்த காலத்தில், 1845ஆம் ஆண்டு இலங்கைப் புகையிரதக் கம்பெனி என்ற ஒன்று தோன்றியது. முன்னாள் குடியேற்றநாட்டுச் செயலாளரான பிலிப் அன்ஸ்ட்ரதர் அதன் தலைமையில் இருந்தார். மறு ஆண்டு தோமஸ் டிரேன் என்ற பொறியியலாளர் வந்து வழியை அளந்தார். அளந்து முடித்த மை காய்வதற்குள் 1847, 1848 ஆண்டுகளில் கோப்பி விலை விழுந்தது. திட்டம் சுருட்டி வைக்கப்பட்டது. எட்டு ஒன்பது வருடங்களுக்குப் பிறகு கோப்பி தலைதூக்கியதும் கம்பெனியும் தலைதூக்கியது. கப்டன் மூர்சம் என்பவர் அனுப்பப்பட்டு, 1857இல் கண்டிக்கு ஆறு வழிகளை ஆராய்ந்து, அவற்றுள் மூன்றாவதைத் தெரிந்து, 60க்கு 1 என்ற சரிவில், 856,557 பவுணுக்குள் முடிக்கலாம் என்று அறிக்கை கொடுத்தார். அந்தக் கடைசி ஏழு பவுணைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். காட்டுக்குள் நின்று மலையை அண்ணாந்து பார்த்துப் போட்ட மதிப்பீட்டில் ஏழு பவுண் வரை துல்லியம் காட்டுகிற துணிச்சல் எல்லாக் காலத்திலும் அறிக்கை எழுதுபவர்களிடம் இருக்கிறது.

1858 ஆகஸ்ட் 3ஆம் திகதி தேசாதிபதி சேர் ஹென்றி வோர்ட் கொழும்பில் முதல் மண்ணை வெட்டிக் கவிழ்த்தார். அதன் பின்னர் கம்பெனியின் பொறியியலாளர்கள் மலையை நெருங்கிப் பார்த்துப் போட்ட செலவு 20 இலட்சம் பவுணைத் தாண்டியது. 1861இல் ஒப்பந்தம் முறிந்தது. மண் வெட்டிய கம்பெனி ஒரு சக்கரத்தைக் கூட உருட்டாமல் விலகிக்கொண்டது. அடிக்கல் நாட்டி, படம் பிடித்து, பிறகு மறந்துபோகும் வழக்கம் நமது அரசியல்வாதிகள் கண்டுபிடித்ததல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். அரசாங்கம் வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, மோல்ஸ்வேர்த்தைப் பொறியியலாளராகவும் ஃபேவியலை ஒப்பந்தக்காரராகவும் வைத்து, 1864இல் அம்பேபுஸ்ஸ வரைக்கும் 1867இல் கண்டி வரைக்கும் பாதையைக் கொண்டுபோனது. அறிக்கையில் 60க்கு 1 என்று இருந்த சரிவு கடுகண்ணாவை ஏற்றத்தில் 45க்கு 1 ஆகிவிட்டது. காகிதத்தில் சாய்ந்திருந்த மலை நேரில் நிமிர்ந்து நின்றிருக்கிறது. செலவுக்கு ஏற்றுமதிக் கோப்பி மீது தனி வரி போட்டார்கள். கோப்பிக்காகப் போட்ட பாதைக்குக் கோப்பியே காசு கட்டியது. மூர்சம் ஒதுக்கிய மற்ற ஐந்து வழிகளிலும் ஊர்கள் இருந்தன, ஆறுகள் இருந்தன. அவற்றில் ஒன்று தேறியிருந்தால் இன்று ஏதோ ஒரு கிராமம் பேராதனையைப் போல ஒரு சந்தியாகியிருக்கும், அங்கே வடையும் இஞ்சித் தேநீரும் விற்றிருக்கும்.

பாதை 1874இல் நாவலப்பிட்டிக்கு வந்தது. வந்து பத்து வருடங்கள் அங்கேயே நின்றது. 1869இல் கோப்பி இலையில் கண்ட துருநோய் அதற்குள் தோட்டம் தோட்டமாகத் தின்று முடித்துக்கொண்டிருந்தது. ஊவாவுக்குப் பாதை கேட்டு தோட்டத்துரைமார் எழுதிய மனுக்களை, ஏற்றுவதற்குச் சுமை எங்கே என்ற கேள்வியோடு லண்டன் தள்ளிப்போட்டது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கி 1884இல் முறிந்தது. அதே வருடம் கோச்சி அட்டனுக்கும் மறுவருடம் நானுஓயாவுக்கும் வந்தது ஒரு விந்தை. கோப்பியின் பிணத்தின் மேல் தேயிலை முளைத்து, சுமைக் கணக்கை மறுபடி நிமிர்த்தியிருந்தது. நானுஓயாவில் இன்னும் எட்டு வருடம். 1893இல் அப்புத்தளை, 1894இல் பண்டாரவளை. அங்கே முப்பது வருடம். 1924 ஏப்ரலில்தான் பதுளை. பாதையின் ஒவ்வொரு தங்கலையும் சந்தை விலையோடு பொருத்திப் பார்க்கலாம். பொருந்தாத இடம் குறைவு.

இந்தக் கணக்குகளில் ஓரிடத்திலும் எங்கள் ஆட்கள் சுமையாகக்கூட எண்ணப்படவில்லை. கல் உடைத்தவர்கள், சுரங்கம் குடைந்தவர்கள், மண் சரிந்து உள்ளே கிடந்தவர்கள் ஆகியோரில் பெரும்பகுதி தென்னிந்தியாவிலிருந்து கூட்டி வரப்பட்டவர்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தும் இந்தப் பாதையைப் பற்றிய பிரபலமான கதைகளில் எங்கள் ஆள் ஒருவர் முகம் காட்டுவது ஒரே ஒரு கதையில்தான். தெமோதரையில் பாதை ஒரு வட்டமடித்து, தான் கடந்துவந்த நிலையத்தின் அடியிலேயே சுரங்கமாக நுழைகிறதல்லவா? மலையிலிருந்து இறங்க வழி தெரியாமல் பொறியியலாளர் திகைத்து நின்றபோது, கூலியாட்களை மேற்பார்க்கும் ஒரு கங்காணி தன் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி சுற்றிக் கட்டினாராம். அந்தச் சுற்றைப் பார்த்துத்தான் யோசனை பிறந்ததாம். நடந்ததோ இல்லையோ, நான் இந்தக் கதையைக் கேள்வி கேட்காமல் வைத்திருக்கிறேன். கங்காணிமார் செய்த வேறு பல காரியங்களுக்கு நடுவே இது ஒன்றாவது நல்லதாக இருக்கட்டும்.

இனி நுவரெலியாவுக்குத் திரும்புகிறேன். அகலப்பாதை வராது என்று உறுதியான பிறகும் கந்தப்பளை, இராகலை, உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டங்கள் சும்மா இருக்கவில்லை. நானுஓயாவில் பெரிய பாதை வந்து நின்ற பிறகு பதினெட்டு வருடம் கழித்து, 1903இல் அங்கிருந்து நுவரெலியாவுக்கு ஒரு குறும்பாதை வந்தது. அடுத்த வருடம் அது கந்தப்பளை வழியாக இராகலை வரை நீண்டது. மொத்தம் சுமார் 19 மைல். பெரிய பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே ஐந்தரை அடி. இதில் இரண்டரை அடி. குறுகிய பாதை என்றால் குறுகிய வளைவு எடுக்கலாம், வளைவைக் குறுக்கினால் மலையை வெட்டும் வேலை குறையும், வெட்டும் வேலை குறைந்தால் செலவு குறையும். எனவே நுவரெலியாவுக்குக் கோச்சியே வரவில்லை என்று யாராவது சொன்னால் எங்கள் பக்கத்துக் கிழவர்கள் கோபப்படுவார்கள். வந்தது, சின்னக் கோச்சி வந்தது. வராமல் போனது கொழும்பில் ஏறியவர் இறங்காமலே வந்து சேரக்கூடிய கோச்சிதான். அந்த வித்தியாசத்தில்தான் சின்னக் கோச்சியின் சாவு ஒளிந்திருந்தது என்பது என் கட்சி.

எப்படி என்றால், இராகலையில் ஏற்றிய ஒரு தேயிலைப் பெட்டி நானுஓயாவில் சின்னப் பெட்டியிலிருந்து இறங்கி, மேடையைக் கடந்து, பெரிய பெட்டியில் மறுபடி ஏறவேண்டும். உள்ளே ஈயத்தாள் ஒட்டி, மூலைகளில் தகரம் அடித்த அந்தப் பலகைப் பெட்டி ஒன்று நூறு இறாத்தல் அளவில் தேயிலை கொள்ளும். தூக்குவதற்கு ஆள், எண்ணுவதற்குக் கணக்கப்பிள்ளை, மழை வந்தால் மூடுவதற்குப் படங்கு. தோட்டங்களுக்குத் தார் றோட்டும் லொறியும் வந்து சேராதவரை இதையெல்லாம் பொறுத்துக்கொண்டார்கள். லொறியோ, நாங்கள் ஸ்டோர் என்று சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையின் வாசலிலேயே வந்து நின்றது. ஸ்டோரில் ஏற்றினால் கொழும்பில் இறக்கலாம். நடுவில் யாரும் பெட்டியைத் தொடவேண்டாம். மூன்று ரகச் சுமையை நம்பிய பாதை ஒன்றை இழந்தால் தாங்கும். ஒரே ரகச் சுமையை நம்பிய பாதை அதை இழந்த அன்றே செத்ததுதான். 1940களில் சேவை குறைந்து குறைந்து 1948உடன் சின்னக் கோச்சி முற்றாக நின்றது.

என் அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, அந்தக் கோச்சியைப் பார்த்து வளர்ந்தவர். அவருடைய அப்பா பாதைப் பராமரிப்புக் கேங்கில் வேலை செய்தார். மத்தியானம் சோத்து வாளியைத் தூக்கிக்கொண்டு பாதையோரமாக நடந்துபோய்க் கொடுப்பது சிறுமியான அப்பாயியின் வேலை. வளைவுக்கு அப்பால் கோச்சி ஊதினால் உடனே விலகவேண்டியதில்லை, வாளியைக் கீழே வைத்து, முந்தானையைச் சரிசெய்து, பிறகு விலகினாலும் நேரம் இருக்கும் என்பார். ஓடும் கோச்சியிலிருந்து இறங்கிக் கொய்யாப்பழம் பறித்துக்கொண்டு திரும்ப ஏறலாம் என்றும் சொல்வார். இந்தக் கொய்யாப்பழக் கதையை ஊட்டியிலும் சொல்கிறார்கள், டார்ஜிலிங்கிலும் சொல்கிறார்கள். கந்தப்பளைக் குளிரில் கொய்யா காய்த்து நான் கண்டதில்லை. ஆனால் ஒன்றை அவர் சொன்னபோது மட்டும் நான் குறுக்கே பேசவில்லை. அந்தக் கோச்சியில் அவர் ஒருநாளும் ஏறியதில்லை. "நமக்கு என்னா வேலை அதுல? போறதுக்கு எடம் வேணுமே" என்றார்.

கோச்சி நின்ற வருடம் தனக்குக் கல்யாணம் நடந்ததாகக் கணக்கு வைத்திருந்தார் அப்பாயி. அதே 1948இல்தான் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக நான் சொல்லவில்லை. ஒன்று லொறியின் வேலை, மற்றது பாராளுமன்றத்தின் வேலை. பின்னால் இந்தியாவும் இலங்கையும் செய்த 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவானபோது, எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் இந்தியாவுக்குக் கப்பல் புறப்பட்ட தலைமன்னாருக்குக் கோச்சி ஏறுவதற்கு லொறியிலும் பஸ்ஸிலும் நானுஓயாவுக்கு இறங்கின. அப்பாயியின் தங்கை குடும்பமும் அப்படித்தான் போனது. இராகலையிலும் கந்தப்பளையிலும் நிலையம் இருந்த காலத்தில் எங்களுக்குப் போக இடம் இருக்கவில்லை. போகச் சொன்ன காலத்தில் நிலையம் இருக்கவில்லை.

நீலகிரியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லாமல் இருக்க முடியாது. ஊட்டியும் நுவரெலியாவும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி: வெள்ளைக்காரன் குளிருக்குத் தேடிப்போன மலை, ஏரி, பந்தயத் திடல், சுற்றிலும் தேயிலை. ஊட்டிக்குப் பாதை போடவேண்டும் என்ற யோசனை 1854இலேயே எழுந்துவிட்டது. வேலை 1891இல்தான் தொடங்கியது. 1899இல் குன்னூர் வரைக்கும், 1908இல் ஊட்டி வரைக்கும் போனது. அங்கே சரிவு 12க்கு 1 என்ற அளவில் இருப்பதால் வெறும் உராய்வை நம்பவில்லை. தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம் பதித்து, எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும்படி செய்தார்கள். 46 கிலோமீற்றர், 208 வளைவுகள், 16 சுரங்கங்கள். 2005இல் அது உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. சின்னக் கோச்சி அதைவிட எளிய வேலை. பற்சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. பிறகு ஏன் அது பிழைத்தது, இது பிழைக்கவில்லை? எனக்குத் தெரிந்த விடை, அது ஊட்டி என்ற ஊருக்காகப் போடப்பட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஆட்கள் ஊட்டிக்குப் போகவேண்டியிருந்தது. அங்கும் தேயிலை ஏறியது, ஆனால் தேயிலையை மட்டும் நம்பி அது உட்கார்ந்திருக்கவில்லை. எங்களுடையது ஊரைக் கடந்து ஸ்டோர்களுக்குப் போன பாதை.

நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு மறுபடி தண்டவாளம் போடவேண்டும் என்ற பேச்சு என் ஞாபகத்தில் பலமுறை எழுந்து அடங்கியிருக்கிறது. தேர்தல் காலத்தில் எழும். சுற்றுலாப் பருவத்தில் எழும். ஒரு முறை கேபிள் கார் என்ற உருவத்தில் எழுந்தது. நான் இதற்கு எதிரி அல்ல. எட்டு கிலோமீற்றருக்கு ஒரு சிறு கோச்சி ஓடினால் ஞாயிற்றுக்கிழமை என் பிள்ளைகளோடு முதல் ஆளாய் ஏறுவேன். ஆனால் பேசப்படும் விதத்தைக் கேட்கும்போது, 1857இல் எழுதிய அறிக்கையின் குரலே காதில் விழுகிறது. கோப்பிச் சாக்கு இருந்த இடத்தில் தேயிலைப் பெட்டி வந்தது. தேயிலைப் பெட்டி இருந்த இடத்தில் இப்போது வெளிநாட்டுப் பயணி. எத்தனை பேர் வருவார்கள், ஆளுக்கு எத்தனை டொலர் என்பதே பேச்சு. காலை ஆறு மணிக்கு இராகலையிலிருந்து வரும் பஸ்ஸில், ஒரு காலை மட்டும் படியில் வைத்துக்கொண்டு நுவரெலியாவுக்குப் பாடசாலை வரும் பிள்ளைகளை யாரும் சுமையாகக் கூடச் சேர்த்துக்கொள்வதில்லை. மழைநாளில் அந்தப் பஸ் தவறிவிட்டால், முதலாம் பாடவேளையில் என் வகுப்பில் மூன்று வாங்குகள் காலியாக இருக்கும். மறுபடி போடுவதென்றால் நுவரெலியாவோடு நிறுத்தாமல் கந்தப்பளை, இராகலை வரை போடட்டும். ஏற்றுவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள், போவதற்கு இப்போது இடமும் இருக்கிறது. இலாபம் வருமா என்று கேட்டால், அகலப்பாதையில் இன்று ஓடும் கோச்சிக்கு இலாபம் வருகிறதா என்று நான் திருப்பிக் கேட்பேன்.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, அதை நான் நேரிலேயே பார்த்தேன். கடந்த வருடம் இரண்டாம் தவணையில், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு பழைய கோச்சிப் பாதையின் சரிவை அளக்கப் போனேன். கருவி என்று பெரிதாக எதுவும் இல்லை. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தெளிந்த பிளாஸ்டிக் குழாய் நாற்பது அடி, அதில் நீலம் கரைத்த தண்ணீர், இரண்டு அடிமட்டக் கம்புகள். குழாயின் இரு முனைகளிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும் என்பதால், கம்புகளில் வாசிக்கும் அளவுகளின் வித்தியாசமே ஏற்றம். தேயிலைக்கு நடுவே பாதை வெட்டிய இடம் இன்றும் தெரிகிறது: மலையின் இடுப்பில் ஒரு மடிப்பு, ஒரு வண்டி போகும் அகலம், உட்பக்கத்தில் கருங்கல் அடுக்கிய கான், பாசி பிடித்து வெல்வெட் மாதிரி. அந்தக் கானில் இன்னும் தண்ணீர் ஓடுகிறது. ஆனால் தண்டவாளம் கிடந்த தரை இப்போது தரையாக இல்லை. சில இடத்தில் மேட்டுப் பாத்தி போட்டு லீக்ஸ் நட்டிருந்தார்கள், சில இடத்தில் கரட், ஓரிடத்தில் கூரைத்தகரம் போட்ட வீடு, அதன் வாசலில் நாய். எனவே மூன்று இடங்களில் அளந்தோம். மூன்று விடைகள் வந்தன. ஓரிடத்தில் கோச்சி கீழ்நோக்கி ஏறியதாகக் கணக்குக் காட்டியது.

பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே மேல் பாத்தியிலிருந்து ஒரு வயதான அம்மா இறங்கி வந்தார். கையில் மண்வெட்டி, தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டிருந்தார். குழாயையும் கம்பையும் நான் எழுதிக்கொண்டிருந்த கொப்பியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கோச்சி ரோட்ட எடுக்கப் போறாங்களா சேர்?" என்றார். "சொல்லிட்டா இந்த போகத்துக்கு உரம் போடாம வுட்டுருவேன். மூட்ட என்னா வெல விக்கிது."

நான் பதில் சொல்வதற்குள், குழாயின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்த பையன் சொன்னான்: "இல்ல பாட்டி, இது கணக்குப் பாடம்."

அவர் அதை முழுதாக நம்பியதாகத் தெரியவில்லை. திரும்பிப் போய், நாங்கள் சாமான்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வளைவைத் தாண்டும் வரை, உர மூட்டையின் வாயை அவிழ்க்காமல் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார்.